போன்ல பேசினாலும் மெயில்ல ஒரு வரி போட்டுருங்க: பிராண்டுகளோட வேலை செய்யற பிளாக்கருங்களுக்கு

என்ற முதல் பிராண்டு மெயிலோட சப்ஜெக்ட் லைன் "ஹாய்". உள்ள "சார் உங்க கிரைண்டர் எனக்கு ரொம்பப் புடிக்கும், கொலாப் பண்ணலாங்களா"ன்னு ஒரே வரி. மொபைல்லயே தட்டி அனுப்பிப்போட்டு, அதுல பேரு இல்ல, போன் நம்பர் இல்ல, பிளாக் லிங்க் கூட இல்ல, ஒரு மாசம் பதிலுக்குக் காத்துக் கெடந்தேன். அப்பறம் கொடிசியாவுல ஒரு எக்ஸிபிஷனுக்குப் போனப்ப அதே கம்பெனி ஸ்டால்ல ஒரு பெரியவர் நின்னுட்டிருந்தாரு, தைரியமா கேட்டே போட்டேன். அவரு கோவிச்சுக்காம போனை எடுத்து இன்பாக்ஸைக் காட்டினாரு. "ஹாய்", "ஹலோ சார்", "கொலாப்", "ஃப்ரீ கிரைண்டர் வேணும்"னு வரிசையாக் கெடக்குது, அதுல என்றது எதுன்னு எனக்கே தெரியல. "ஏனம்மிணி, ஊட்டுக்கு வர்ற ஒறம்பரை கூட வாசல்ல நின்னு இன்னாரு வந்துருக்கறோம்னு ஒரு சத்தம் குடுப்பாங்க, இதுல யாருன்னே தெரியாம நான் யாருக்குன்னு பதில் போடறது"ன்னாரு. மூஞ்சில அடிச்ச மாதிரி இருந்துச்சு, ஆனா நியாயந்தானுங்களே.

நான் கோபிப்பக்கம் இருந்து சமையல் பிளாக் எழுதறவ. அதுக்கப்பறம் எண்ணெய்ச் செக்கு, நாட்டுச்சக்கரை, கிரைண்டர், குழந்தைங்க துணின்னு பல கம்பெனிங்களோட மெயில்ல மல்லுக்கட்டிக் கத்துக்கிட்டதைத்தான் இங்க எழுதறேன். பசங்க நெறையப் பேரு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லி மாளல.

முதல்ல மெயில் ஐடி. காலேஜ் படிக்கறப்ப ஆரம்பிச்ச "ஸ்வீட்டி குட்டி" ஐடியெல்லாம் வேண்டாங்க. உங்க பேரு இல்லாட்டி பிளாக் பேரு, அவ்வளவே. சொந்த டொமைன் இருந்தா அந்தப் பேர்லயே ஒரு ஐடி வெச்சுக்கிட்டா இன்னும் நல்லது. மெயிலுக்கு அடியில சிக்னேச்சர்ல பேரு, பிளாக் முகவரி, போன் நம்பர், ஊரு. ஊரு எதுக்குன்னா, பெருந்துறையில இருக்கற கம்பெனிக்காரரு நீங்க பவானின்னு பார்த்தா உடனே போன் அடிப்பாரு. இதை ஒருவாட்டி செட்டிங்ஸ்ல போட்டு வெச்சுட்டா தானா வந்துட்டே இருக்கும். மொபைல் ஆப்புல தனியாப் போடோணும்ங்க, கம்ப்யூட்டர்ல போட்டது எப்பவும் அங்க அப்படியே வராது, பல பேரு இதுலதான் கோட்டை விடறாங்க.

சப்ஜெக்ட் லைன்ல என்ன வேலை, யாரு, எப்ப, இது மூணும் வந்துட்டாப் போதும். "தீபாவளி பலகாரம் சீரிஸ்: உங்க கடலை எண்ணெயோட 3 ரெசிபி, கோபி சமையல் பிளாக்"னு போட்டா அதைத் தொறக்காம இருக்க மாட்டாங்க. "அர்ஜெண்ட்"னு மட்டும் போடாதீங்க, உங்க அவசரம் அவங்களுக்கு அவசரம் இல்ல. அதே மாதிரி ஒரு வேலையைப் பத்திப் பேசிட்டிருக்கற மெயில் வரிசையிலயே புது வேலையை ஆரம்பிக்காதீங்க, ஆறு மாசம் கழிச்சுத் தேடினா ஒண்ணும் கெடைக்காது. புது வேலைக்குப் புது மெயில்.

யாரைன்னு கூப்புடறதுங்கறது நம்ம பக்கம் கொஞ்சம் சிக்கலுங்க. பெங்களூர்ல இருக்கற ஏஜென்சிக்காரங்க 24 வயசுப் புள்ளைங்களா இருப்பாங்க, அவங்களுக்கு "ரெஸ்பெக்டட் மேடம்"னு போட்டா சிரிப்பாங்க, பேரைச் சொல்லி வணக்கம் போட்டாப் போதும். ஆனா காங்கேயத்துல மில்லு வெச்சுருக்கற அய்யாவுக்குப் பேரு மட்டும் போட்டு "ஹாய்"ன்னா அந்த மெயில் அங்கயே படுத்துரும். நம்ம ஊர்க் கம்பெனிங்க முக்காவாசி குடும்பக் கம்பெனி, மெயில் ஐடி அப்பா பேர்ல இருக்கும், படிக்கறது பையனாவோ மருமகளாவோ இருக்கும். அதனால முதல் மெயில்ல "வணக்கமுங்க"ன்னு ஆரம்பிச்சு, அவங்க பதில்ல என்ன பேரு போட்டுக் கையெழுத்து வெக்கறாங்களோ அதைப் புடிச்சுக்குங்க. நம்ம ஊர்க் கம்பெனிக்குத் தமிழ்லயே எழுதலாங்க, தப்பே இல்ல. எனக்குத் தமிழ்ல எழுதின மெயிலுக்குத்தான் சீக்கிரம் பதில் வந்துருக்குது. இங்கிலீஷ்ல எழுதினாலும் "கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்"லை மட்டும் விட்டுருங்க, என்ன நீட்ஃபுல்லுன்னு நீங்களே சொல்லிட்டீங்கன்னா அவங்களுக்கும் வேலை மிச்சம்.

இப்ப மெயிலுக்குள்ள என்ன எழுதறது. ஆறேழு வரிக்கு மேல போகக் கூடாது. முதல் வரியில நான் யாரு, ரெண்டாவது வரியில உங்க பொருளைப் பத்தி நெசமாத் தெரிஞ்ச ஒரு விஷயம், அப்பறம் நான் என்ன செஞ்சு தருவேன், என்ற வாசகருங்க யாரு, கடைசியில ஒரே ஒரு கேள்வி. அந்த ரெண்டாவது வரி இருக்குது பாருங்க, அதுலதான் எல்லாமே. ஈரோட்டு மஞ்சள் விக்கறவங்களுக்கு "உங்க ப்ராடக்ட் சூப்பர்"னு எழுதறதுக்கும், "ஈரோடு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சதுல இருந்து என் வாசகருங்க விரலிக்கும் கிழங்குக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டுட்டே இருக்கறாங்க, உங்க மஞ்சளை வெச்சு அதை ஒரு பதிவா எழுதலாம்னு நெனைக்கறேன்"னு எழுதறதுக்கும் எவ்வளவு தூரம். பின்னது எழுதினா அந்த வியாபாரி நிமுந்து உக்காருவாரு.

நெம்பர் கேட்டா நெசத்தைச் சொல்லிருங்க. கடைசி 30 நாள்ல எத்தன பேரு வந்தாங்க, எந்த ஊர்ல இருந்துன்னு அனலிடிக்ஸ் ஸ்க்ரீன்ஷாட்டோட குடுங்க. மாசம் 4000 பேருதான் வர்றாங்கன்னா 4000ன்னே எழுதுங்க, அதுல பாதி கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்னா இங்க கடை வெச்சுருக்கறவங்களுக்கு அது லட்சம் பேரை விட மேலு. மீடியா கிட், அதாவது உங்க பிளாக்கைப் பத்தின அறிமுகக் குறிப்பு, பிடிஎஃப்ல ரெண்டு பக்கம் போதும். ஜிமெயில்ல 25 எம்பிக்கு மேல போகாதுங்கறதால போட்டோவெல்லாம் கூகுள் ட்ரைவ்ல போட்டு லிங்க் அனுப்புவோம்ல, அப்ப லிங்க் வெச்சுருக்கற யாரு வேணாலும் பாக்கலாம்னு பர்மிஷனை மாத்திட்டு அனுப்புங்க. நான் ஒருவாட்டி மறந்துட்டேன், அந்தம்மா ஞாயித்துக்கெழமை ஆக்சஸ் கேட்டுருக்குது, நான் திங்கக்கெழமை பொழுதோடதான் பார்த்தேன், அதுக்குள்ள வேற ஆளைப் புடிச்சுட்டாங்க.

அதை விடப் பெரிய கூத்து ஒண்ணு இருக்குது. ஆரம்பத்துல நோகாம நோம்பி கும்பிடலாம்னு ஒரே மெயிலை 14 எண்ணெய் மில்லுக்கு ஒட்டுக்கா அனுப்பினேன், 14 ஐடியும் டூ-ல. எல்லாரும் எல்லாரையும் பார்த்துட்டாங்க. அதுல ரெண்டு மில்லுக்காரங்க பங்காளிங்க, பல வருஷமாப் பேச்சுவார்த்தை இல்லாதவங்க. ஒருத்தரு "ரிப்ளை ஆல்" அடிச்சு "அவங்களுக்குக் குடுத்த ரேட்டையே எனக்கும் குடுங்க"ன்னு போட, இன்னொருத்தரு அதுக்குக் கீழ என்னமோ எழுத, நான் ஒரு வாரம் மெயிலைத் தொறக்கவே இல்ல. ஒருத்தரு ஐடி இன்னொருத்தருக்குத் தெரியாம அனுப்பற பிசிசியில போட்டுருந்தா இந்த அக்கப்போரு வந்துருக்காதுங்கறது ஒரு பக்கம், ஆனா பிசிசியில போட்டாலும் அது பொதுக் கடுதாசிதான், படிக்கறவங்களுக்குத் தெரிஞ்சுரும். 14 பேருக்கு ஒண்ணு அனுப்பறதுக்குப் பதிலா நாலு பேருக்குத் தனித்தனியா எழுதுங்க.

மெயில் எழுதறது எப்படின்னு நான் நெசமாக் கத்துக்கிட்டது, பையருங்களோட ஆர்டரைப் பார்த்துக்கற திருப்பூர் மெர்ச்சண்டைசருங்ககிட்டங்க. என்ற சொந்தக்காரப் பொண்ணு ஒண்ணு எக்ஸ்போர்ட் கம்பெனியில இருக்குது, அது வேலை செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். பொழுதுக்கும் வெளிநாட்டு பையருங்களோட மெயில்தான். பையர் கேட்ட கேள்வியை அப்படியே வெச்சுட்டு ஒவ்வொண்ணுக்கும் கீழயே வேற கலர்ல பதில், பதில் தெரியாத கேள்விக்கு "செக் பண்ணிட்டு வெள்ளிக்கெழமைக்குள்ள சொல்றேன்"னு தேதி போட்டு ஒரு வரி. எதையும் விடறதில்ல. சாம்பிள் அப்ரூவல் மெயில்ல வராம துணியை வெட்டறதும் இல்லையாம். நாமளும் அப்படித்தான் இருக்கோணும். பிராண்டு அஞ்சு கேள்வி கேட்டு நீங்க மூணுக்குப் பதில் போட்டா, மீதி ரெண்டுக்கு மறுக்கா ஒரு மெயில் வரும், அவங்களுக்கும் சலிப்பு.

அந்த அப்ரூவல் விஷயத்துக்கே வர்றேன், ஏன்னா நம்ம பக்கம் மொத்தத் தொழிலும் போன்லதான் நடக்குது. நீங்க எவ்வளவு அழகா மெயில் எழுதினாலும் "போன்ல பேசிக்கலாங்க"ன்னு பதில் வரும். பேசுங்க, வேண்டாங்கல. பேசி முடிச்ச அரைமணி நேரத்துல இப்படி ஒரு மெயில் போட்டுருங்க:

"வணக்கமுங்க. இன்னிக்குக் காலைல போன்ல பேசினதை எழுதி வெக்கறேன், ஏதாவது மாறியிருந்தாச் சொல்லுங்க. ஒரு பிளாக் பதிவு, 5 போட்டோ, 1 சின்ன வீடியோ. வர்ற 20ந் தேதிக்குள்ள டிராஃப்ட் அனுப்பறேன், நீங்க 3 நாளுக்குள்ள பார்த்துச் சொன்னா 25ந் தேதி போட்டுருவேன். திருத்தம் ரெண்டு தடவை வரைக்கும். தொகை 8000 ரூபாய், பாதி முன்பணம், மீதி பதிவு வந்த 15 நாள்ல. பதிவுல விளம்பரம்னு மேலயே போடுவேன். சரின்னு ஒரு வரி பதில் போட்டுருங்க, வேலையை ஆரம்பிச்சுர்றேன்."

அந்த "சரிங்க" வர்ற வரைக்கும் அடுப்பைப் பத்த வெக்காதீங்க. வாட்ஸ்அப்புல பேசினாலும் இதேதான், அங்க பேசினதைத் தொகுத்து மெயில்ல போட்டுருங்க. இதைச் செய்யாம ஒருத்தருக்கு நான் மூணு வீடியோ எடுத்துக் குடுத்துட்டேன், அவரு "ஒண்ணுக்குத்தானம்மிணி காசு பேசினோம்"னாரு. அவரு நெனச்சதும் தப்புன்னு சொல்ல முடியல, எனக்கு நெனப்பு இருந்ததும் தப்புன்னு சொல்ல முடியல, எழுத்துல ஒண்ணும் இல்லாததால நான்தான் வாயை மூடிட்டு வந்தேன்.

காசைப் பத்தி எழுதறதுக்குக் கை கூசும், எனக்குத் தெரியும். மாட்டுச் சந்தையில துண்டுக்கடியில விரலைப் புடிச்சு வெலை பேசற ஊருங்க நம்மூரு, பக்கத்துல நிக்கறவனுக்குக் கூடத் தெரியக் கூடாது. மெயில்ல துண்டு கெடையாது. "நீங்க பார்த்துச் செய்யுங்க"ன்னு எழுதினீங்கன்னா அவங்க பார்த்துத்தான் செய்வாங்க, ஒரு கிலோ நாட்டுச்சக்கரை வரும். ரேட்டை எழுதுங்க, எதுக்கு அந்த ரேட்டுன்னு ஒரு வரி எழுதுங்க, அப்பறம் நிறுத்திக்குங்க. "கொஞ்சம் கொறைச்சும் பண்ணலாங்க"ன்னு நீங்களாவே அடுத்த வரியில எழுதறதை விட்டுருங்க, அது நான் பல வருஷம் செஞ்ச வேலை.

ஃப்ரீயாப் பொருள் குடுக்கறோம், எழுதுங்கன்னு மெயில் வந்தாக் கோவமாப் பதில் போடாதீங்க. "உங்க பொருளை நெனச்சு எனக்கு எழுதினதுக்கு நன்றிங்க. பொருளுக்குப் பதிலா எழுதறதை இப்ப நான் எடுத்துக்கறதில்ல, என்ற ரேட் கார்டு இதோட இருக்குது. இப்ப தோதுப்படலீன்னாலும் அடுத்த சீசன்ல பேசலாங்க"ன்னு போட்டா முடிஞ்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு அதே கம்பெனி காசோட வந்துருக்குது. ஒருவேளை பொருளையே வாங்கிக்கறதுன்னு முடிவு பண்ணினீங்கன்னா ஒண்ணு தெரிஞ்சுக்குங்க: 2022 ஜூலை 1ல இருந்து, ஒரு கம்பெனி ஒரு வருஷத்துல உங்களுக்கு 20,000 ரூபாய்க்கு மேல பொருளாக் குடுத்து அதை நீங்களே வெச்சுக்கிட்டா அதுக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது குடுக்கறவங்களே முன்கூட்டிப் புடிச்சுக் கட்டற வருமான வரி உண்டு. ரிவ்யூ பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துட்டாக் கெடையாது. அதனால விலை ஒசந்த பொருள்னா "இது நான் வெச்சுக்கறதா, திருப்பி அனுப்பறதா"ன்னு முதல் மெயில்லயே கேட்டுருங்க.

விளம்பரம்னு போடறதைப் பத்தியும் மெயில்லயே பேசிருங்க, ஏன்னா "அது வேண்டாங்க, நேச்சுரலா இருக்கட்டும்"னு சொல்றவங்க இன்னும் இருக்கறாங்க. விளம்பரத் தரக் கவுன்சிலான ஆஸ்கி, இன்ஃப்ளூயன்சருங்களுக்குன்னு போட்ட விதி 2021 ஜூன் 14ல இருந்து நடைமுறையில இருக்குது, காசு மட்டுமில்ல, சும்மாக் குடுத்த பொருளுக்கும் சொல்லித்தான் ஆகோணும். 2023 ஜனவரியில மத்திய அரசோட நுகர்வோர் துறையும் தனியா வழிமுறை விட்டாங்க. தப்பா வழிநடத்தற விளம்பரத்துக்கு நுகர்வோர் சட்டத்துல முதல் தடவை 10 லட்சம் வரைக்கும், மறுக்கா செஞ்சா 50 லட்சம் வரைக்கும் அபராதம் போடலாம், அதுல பொருளைப் பாராட்டிப் பேசினவங்களும் மாட்டுவாங்க. இதையெல்லாம் மெயில்ல மெரட்டற மாதிரி எழுத வேண்டாம். "சட்டப்படி மேலயே விளம்பரம்னு போட்டுருவேங்க, இது உங்களுக்கும் நல்லதுதான்"னு ஒரு வரி போதும். காசு வாங்கிட்டுக் குடுக்கற லிங்க்குக்கும் இதேதான், கூகுள் 2019லயே அதுக்கு ஸ்பான்சர்டுன்னு ஒரு குறி குடுத்துட்டாங்க, அது இல்லாம லிங்க் கேக்கறவங்களுக்கு "அந்தக் குறி இல்லாம நான் போடறதில்லீங்க"ன்னு எழுதிட்டு அடுத்த வேலையைப் பாருங்க.

பொருள் நல்லா இல்லைன்னா? எனக்கு வந்த ஒரு கிரைண்டர்ல மூணாம் நாளே கீழ தண்ணி ஒழுகுச்சு. பதிவைப் போடறதுக்கு முன்னாடி போட்டோவோட மெயில் போட்டேன்: "முப்பது நிமிசம் ஓடினதுக்கப்பறம் இந்த எடத்துல ஒழுகுதுங்க, பீஸ்ல கோளாறா இல்ல நான் மாட்டினதுல தப்பா?" ஆள் அனுப்பி ஒழுகற எடத்துல இருந்த சீல் வளையத்தை மாத்திக் குடுத்தாங்க. ஒழுகினதையும் மாத்திக் குடுத்ததையும் சேர்த்தே எழுதினேன். டிராஃப்ட்டைப் பார்த்துட்டு ஒழுகினதை எடுத்துருங்கன்னு கேட்டாங்க. வாட்ஸ், லிட்டர், விலை இதுல தப்பு இருந்தா உடனே மாத்திர்றேன், என்ற அனுபவத்தை மாத்த முடியாதுங்கன்னு பதில் போட்டேன். ஒரு நாள் சத்தமே இல்ல, மறுநாள் சரின்னுட்டாங்க.

வேலை முடிஞ்ச அன்னிக்கே இன்வாய்ஸ் அனுப்பிருங்க. நம்பர், தேதி, பேரு, பான், பேங்க் அக்கவுண்ட், ஐஎஃப்எஸ்சி. வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள்ளன்னா பொதுவா ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது, "ஜிஎஸ்டி பதிவு இல்லை"ன்னு இன்வாய்ஸ்லயே ஒரு வரி எழுதிட்டா அக்கவுண்ட்ஸ்ல இருந்து கேள்வி வராது. டிடிஎஸ் புடிச்சாங்கன்னா எவ்வளவுன்னு கேட்டு, உங்க பான் நம்பர்ல ஏறிருச்சான்னு பார்த்துக்குங்க. இன்வாய்ஸை உங்ககிட்டப் பேசினவங்களுக்கும் அக்கவுண்ட்ஸ்க்கும் சேர்த்து அனுப்புங்க, பேசினவங்க வேலையை விட்டுப் போயிட்டா உங்க காசும் அவங்களோடயே போயிரும்.

காசு வரலீன்னா ஏழு நாளுக்கு ஒருக்கா அதே மெயிலுக்கு அடியிலயே "இன்வாய்ஸ் 12 இன்னும் நிலுவையில இருக்குதுங்க, எந்தத் தேதியில வரும்னு சொன்னா நல்லாருக்கும்"னு போடுங்க. கஷ்டத்தையெல்லாம் எழுத வேண்டாம், தேதியை மட்டும் கேளுங்க. சின்னத் தொழில் செய்யறவங்களுக்கு அரசாங்கம் வெச்சுருக்கற உதயம் பதிவைச் செஞ்சுக்குங்க, காசே இல்லாம அரசு சைட்ல ஆதாரும் பானும் வெச்சுப் பண்ணலாம். சின்னத் தொழில்னு பதிவு இருந்தா 2006ல வந்த சட்டப்படி, எழுதி ஒப்புக்கிட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல இழுக்கக் கூடாது, எழுத்துல ஒண்ணும் இல்லாட்டி 15 நாள்தான், தாண்டினா வட்டியும் உண்டு. மூணாவது மெயில்ல உதயம் நம்பரைச் சிக்னேச்சருக்குக் கீழ போட்டு, "45 நாள் இந்தத் தேதியோட முடியுதுங்க"ன்னு ஒரு வரி சேர்த்தாப் போதும், அக்கவுண்ட்ஸ்காரங்களுக்குப் புரிஞ்சுரும்.

நேரம் பார்த்தும் அனுப்போணும். தீபாவளிக்கு முந்தின வாரம் திருப்பூர்ல போனஸ், டிஸ்பாட்ச்னு ஓடிட்டிருப்பாங்க, தீபாவளி முடிஞ்சும் ஆளுங்க ஊர்ல இருந்து திரும்ப நாளாகும். அப்ப போடற மெயில் அடியில போயிரும். தீபாவளிக்கு எழுதற பதிவுக்கு ஆடியிலயே மெயில் போடுங்க. ராத்திரி 12 மணிக்கு எழுதினீங்கன்னா ஷெட்யூல் போட்டுக் காலைல 10 மணிக்குப் போகட்டும்.

பதிவு போட்ட 30 நாள் கழிச்சு, யாரும் கேக்காமயே ஒரு மெயில்: எத்தன பேரு படிச்சாங்க, லிங்க்கை எத்தன பேரு அமுக்கினாங்க, வாசகருங்க என்ன கேட்டாங்க. கொறைவா இருந்தாலும் அனுப்புங்க. எனக்கு ரெண்டாந்தடவை வந்த வேலையெல்லாம் இந்த மெயிலுக்குப் பதிலா வந்ததுதான்.

அப்பறம் ஜிமெயில் செட்டிங்ஸ்ல அன்டூ செண்டுன்னு ஒண்ணு இருக்குது, அனுப்பின மெயிலை நிறுத்தறதுக்கு, சும்மா விட்டா 5 செகண்டுதான், அதை 30க்கு மாத்தி வெச்சுக்குங்க. போன மாசம் கூட ஒரு மஞ்சள் கம்பெனிக்குப் போற மெயில்ல இன்னொரு மஞ்சள் கம்பெனி பேரைப் போட்டு அனுப்பிப்போட்டு, 22வது செகண்டுல புடிச்சு நிறுத்தினேன்.